சாக்ஸபோன் பழக்கத் தொடங்குபவர்களுக்கு: முதலில் சத்தம், பிறகுதான் பாட்டு

திருகோணமலையில் சாக்ஸபோன் ஊதத் தெரிந்த ஆளாக நீங்கள் இருந்தால் என்றைக்காவது ஒருநாள் யாராவது ஒரு அம்மா உங்கள் வீட்டு கேட்டில் வந்து நிற்பார். கூடவே பத்துப் பதினொரு வயதுப் பிள்ளை, கையில் பெட்டி. "தம்பி, இவனுக்கும் கொஞ்சம் பழக்கி விடுங்கோ, நத்தாருக்கு சேர்ச்சில ஊதவேணுமாம்" என்பார். அப்போது புரட்டாதி பிறந்திருக்கும்.

இந்த வழிகாட்டி அந்தப் பிள்ளைக்கு இல்லை, உங்களுக்கு. ஊதத் தெரிவது வேறு, பழக்கத் தெரிவது வேறு என்பதை நான் என் முதல் மூன்று மாணவர்களைக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். நானே அப்படிக் கெட்டுத் திருந்தியவன். பள்ளிக்கூட விழா ஒன்றுக்கு இரண்டு கிழமையில் ஒரு பாட்டு வேண்டும் என்று, வாயை எப்படி வைப்பது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் விரலை மட்டும் காட்டித் தந்தார்கள். பாட்டு வந்தது, கைதட்டும் வந்தது, அதோடு ரீட்டை, அதாவது ஊதும்போது அதிர்கிற மெல்லிய நாணல் தகட்டை, கடித்துக் கடித்து ஊதுகிற பழக்கமும் வந்தது. கீழுதட்டின் உள்பக்கத்தில் பல் பதிந்து புண்ணாகும், அது ஆறுவதற்குள் அடுத்த புண் வரும். அந்தக் கடியை விட எனக்கு நான்கு வருடம் பிடித்தது. அதனால் யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் முதல் மாதம் பாட்டுக் கொடுக்காதீர்கள். அம்மாவிடம் அதை முதல் நாளே நேராகச் சொல்லிவிடுங்கள். அடுத்த நத்தாருக்குப் பார்ப்போம் என்று சொன்னால் முகம் சுருங்கும், பரவாயில்லை.

எந்த சாக்ஸபோன், எந்த ரீட்

ஆல்டோ. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. கிட்டத்தட்ட இரண்டரைக் கிலோ, பத்து வயதுக் கழுத்து கொஞ்ச நேரம் தாங்கும். டெனர் பாரமும் கூட, விரல் இடைவெளியும் கூட, பெரிய பிள்ளைகளுக்கு விடுங்கள். சொப்ரானோ சின்னதாக இருக்கிறதே, சின்னப் பிள்ளைக்குச் சரிதானே என்று தகப்பன்மார் கேட்பார்கள். சாக்ஸ் குடும்பத்தில் சுருதி பிடிக்க மிகவும் கஷ்டமானவற்றில் அது ஒன்று, வேண்டாம் என்று சொல்லுங்கள். வயதைவிட முக்கியம் மேல் முன்பல். பால்பல் விழுந்து புதுப்பல் பாதியில் நிற்கிற பிள்ளையை ஆறு மாதம் கழித்து வரச் சொல்லுங்கள், அதுவரை தாளம் போடப் பழகட்டும்.

பிள்ளை கொண்டுவரும் வாத்தியத்தை முதலில் நீங்கள் ஊதிப் பாருங்கள். கட்டாயம். போனில் படம் பார்த்து வாங்கிய பழைய ஆல்டோ ஒன்றோடு ஒரு பெண்பிள்ளை என்னிடம் வந்தாள், பளபளவென்று இருந்தது. ஜி சுரம் வரைக்கும் வரும், கீழே இறங்கினால் கர் என்று உடையும். மூச்சுக் காணாது, மூச்சுக் காணாது என்று ஆறு கிழமை அந்தப் பிள்ளையைப் பேசினேன். கடைசியில் நானே வாங்கி ஊதினால் எனக்கும் வரவில்லை! துளையை மூடுகிற தோல் மெத்தை, அதாவது ஒரு பேட், சரியாக மூடாமல் காற்று ஒழுகிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் பட்ட வெட்கத்தை நீங்கள் படவேண்டாம். மிகக் கீழே இருக்கும் பி ஃபிளாட் வரை மெதுவான சத்தத்தில் இறங்கிப் பாருங்கள், தடங்கல் இல்லாமல் வந்தால் வாத்தியம் சரி. வராவிட்டால் நத்தார் மரத்தில் சுற்றும் பற்றரி விளக்கு மாலை இருக்கிறதல்லவா, அதை உடம்புக்குள் இறக்கி, இருட்டில் கீகளை மெதுவாக மூடிப் பார்த்தால் எந்தப் பேட்டின் ஓரத்தில் வெளிச்சம் கசிகிறதோ அதுதான் கள்ளன். கரண்ட் போன இரவு இந்த வேலைக்கு நல்ல நேரம். பெயர் தெரியாத புதுசைவிட, இப்படிப் பார்த்து வாங்கிய பழைய யமஹா ஒன்று எவ்வளவோ மேல்.

ரீட் ஒன்றரை அல்லது இரண்டாம் இலக்கம். மூன்று ரீட்டாவது இருக்கவேண்டும், மாற்றி மாற்றி ஊதுவதற்கு. இலக்கத்தைப் பிள்ளைகள் வகுப்பு ஏறுகிற மாதிரி நினைத்துக்கொள்வார்கள், "சேர், அவன் மூன்றுக்குப் போயிட்டான், நான் இன்னும் இரண்டிலதான்" என்று ஒருத்தன் அழாத குறை. அது ரீட்டின் விறைப்பைச் சொல்லும் எண், திறமையைச் சொல்வதில்லை, கம்பெனிக்குக் கம்பெனி மாறவும் செய்யும்.

முதல் வகுப்பு: பூவரசம் இலை

முதல் வகுப்பில் நான் பெட்டியைத் திறப்பதே இல்லை. வளவில் பூவரசு நிற்கிறது, இலை ஒன்றைப் பறித்துச் சுருட்டி, ஒரு நுனியை விரலால் நசுக்கித் தட்டையாக்கிப் பீப்பீ ஊதச் சொல்வேன். அனேகமான பிள்ளைகளுக்கு அது முன்பே தெரியும், தெரியாவிட்டால் அவர்களின் அப்பாவுக்குத் தெரியும். நசுக்கிய நுனியை உதட்டால் கொஞ்சமாகப் பிடித்தால் இலை அதிர்ந்து சத்தம் வரும், இறுக்கினால் வாய் மூடி வெறும் காற்றுத்தான். இவ்வளவுதான் சாக்ஸபோனும். பித்தளை உடம்பை வைத்துக்கொண்டு இது எப்படிப் புல்லாங்குழல், கிளாரினெட் இருக்கும் மரக்காற்று வாத்தியக் குடும்பத்தில் சேர்ந்தது என்று பெரிய பிள்ளைகள் கேட்பார்கள். பெல்ஜியம்காரரான அடோல்ஃப் சாக்ஸ் 1846இல் இதற்குக் காப்புரிமை எடுத்தபோதே இதன் சத்தம் பிறந்தது நாணல் ரீட்டில்தான், பித்தளை அதற்கு வீடு. கோணேசர் கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்து ஈரமாக்குவதைப் பார்த்திருப்பார்கள், அதைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். சீவாளியில் இரண்டு நாக்கு ஒன்றோடொன்று அடித்து அதிரும், சாக்ஸில் ஒரே நாக்கு மவுத்பீஸின் (வாயில் வைத்து ஊதும் முனையின்) வாயில் அதிரும்.

மவுத்பீஸ் மட்டும், இரண்டு கிழமை

இங்கேதான் எல்லாமே இருக்கிறது, அவசரப்படாமல் வாசியுங்கள்.

ரீட்டை வாயில் வைத்து நன்றாக ஈரமாக்கியபின் மவுத்பீஸில் வைக்கவேண்டும். ரீட்டின் நுனியும் மவுத்பீஸின் நுனியும் ஒன்றாக நிற்கவேண்டும், மேலே மயிரிழை அளவு கறுப்புத் தெரிந்தால் சரி. ரீட்டைப் பிடித்து வைக்கும் லிகேச்சர் வளையத்தின் திருகை, ரீட் அசையாத அளவுக்கு மட்டும் இறுக்கினால் போதும், சைக்கிள் நட்டுக்கு இறுக்குகிற மாதிரி வேண்டாம். நுனியை விரலால் தொடக்கூடாது. தொடுவார்கள், முதல் கிழமையில் ஒரு ரீட் உடையும், அதற்குக் கோபிக்காதீர்கள்.

வாய்க்குள் எவ்வளவு போகவேண்டும்? ஒரு தாள் துண்டை ரீட்டுக்கும் மவுத்பீஸுக்கும் இடையில் செருகுங்கள், எங்கே போய் நிற்கிறதோ அங்கே பென்சிலால் மவுத்பீஸின் பக்கத்தில் சின்னக் கோடு போடுங்கள். கீழுதடு வரவேண்டிய இடம் ஏறத்தாழ அதுதான். பயத்தில் நுனியை மட்டும் கவ்வுகிற பிள்ளைக்குக் கீச்சென்று மெல்லிய சத்தம் வரும், அளவுக்கு மிஞ்சி விழுங்குகிற பிள்ளைக்கு ஆட்டுக்குட்டி கத்தும்.

மேல்பல் மவுத்பீஸின் மேல் சும்மா இருக்கட்டும். கீழுதடு கீழ்ப்பல்லின் மேல் கொஞ்சமாக மடிந்து மெத்தை மாதிரிக் கிடக்கட்டும். பிறகு வாயின் இரண்டு ஓரமும் உள்ளே வரவேண்டும். சிரிக்கிற மாதிரிப் பின்னால் இழுக்கக்கூடாது. நான் சொல்லுகிற உதாரணம் பாட்டியின் சுருக்குப்பை: கயிற்றை இழுத்தால் பையின் வாய் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்கும், மேலும் கீழும் மட்டும் நசுங்காது. "சுருக்குப்பை" என்று ஒரு சொல் சொன்னாலே போதும், மூன்றாம் கிழமையில் அதுவே வகுப்பின் மந்திரமாகிவிடும்.

இப்போது போனில் டியூனர் செயலி ஒன்றைத் திறந்து வையுங்கள். ஆல்டோ மவுத்பீஸை மட்டும் ஊதினால் திரையில் ஏ வரவேண்டும். அதற்கு மேலே பி, சி என்று போனால் பிள்ளை கடிக்கிறது. ஏ-க்குக் கீழே தள்ளாடினால் வாய் தொளதொளவென்று இருக்கிறது. டெனர் என்றால் ஜி. எனக்கு இந்த வித்தை முன்பே தெரிந்திருந்தால் முதல் மூன்று பேரும் தப்பியிருப்பார்கள்: கடிக்காதே, கடிக்காதே என்று நூறு தரம் சொல்வதைவிடப் பிள்ளை திரையில் எழுத்தைத் தானே பார்த்துத் தாடையைத் தளர்த்துவது எவ்வளவோ வேகமாக வேலை செய்கிறது. ஏ நிலையாக எட்டு எண்ணிக்கை நின்றபின் நெக்கை, அதாவது மவுத்பீஸ் செருகும் வளைந்த குழாயை, பூட்டுங்கள், ஆல்டோவில் ஏ ஃபிளாட், டெனரில் ஈ வரவேண்டும்.

தோள் மேலே போகிறதா என்று பாருங்கள், போனால் மூச்சு நெஞ்சோடு நின்றுவிட்டது. ஒரு சின்னத் தாளைச் சுவரோடு வைத்து மூச்சால் மட்டும் விழாமல் பிடிக்கச் சொல்லுங்கள். அது விளையாட்டு மாதிரி இருக்கும், வயிறு தானாக வேலை செய்யும்.

நாக்கு இரண்டாம் கிழமையில். "தூ" என்று சொல்கிற இடத்தில் நாக்கின் நுனி ரீட்டின் நுனிக்குக் கிட்டத் தொட்டு விலகவேண்டும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது சுலபம், த-வுக்கும் ட-வுக்கும் வித்தியாசம் நாக்குக்கு முன்பே தெரியும், ட என்றால் நாக்கு மடிந்து பின்னால் போய்விடும். பைப்பைத் திறந்துவிட்டு ஓடுகிற தண்ணீரை விரலால் தட்டுகிற மாதிரி: தண்ணீர் நிற்பதில்லை, விரல்தான் வந்துபோகிறது. ஒவ்வொரு சுரத்துக்கும் மூச்சை நிறுத்தி ஹ, ஹ என்று தொடங்குகிற பிள்ளைக்கு இதைத்தான் நான் சொல்வது.

ஒரு சின்னக் கண்டிப்பு: மாங்காய் அச்சாறு தின்றுவிட்டு நேரே வகுப்புக்கு வருகிறவர் வாய் கொப்பளிக்காமல் ஊதக்கூடாது. ஒரே வாத்தியத்தில் இரண்டு பிள்ளைகள் பழகினால் ரீட் ஆளுக்கொன்று, மவுத்பீஸ் இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும். கொதிநீர் கூடாது, எபனைட் என்கிற கடின ரப்பர் மவுத்பீஸ் நிறம் மாறிப் பாழாகும். கன்னியா வெந்நீர் ஊற்றுக்குக் குளிக்கப் போகும்போது கொண்டுபோகலாமா என்று கேட்ட ஒருவனும் என்னிடம் இருக்கிறான்.

முழு வாத்தியம் கையில்

பூட்டும்போது நெக்கின் மேலிருக்கும், சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றும் ஆக்டேவ் கம்பியைப் பிடித்துத் திருகுவார்கள், அது வளைந்தால் மேல் சுரமெல்லாம் குழம்பும். எங்கே பிடிப்பது என்று ஐந்து தரமாவது கழற்றிப் பூட்ட வையுங்கள். கழுத்துப் பட்டியின் நீளம் பாருங்கள்: பிள்ளை நேரே பார்த்துக்கொண்டு நிற்க, மவுத்பீஸ் தானாக வாய்க்கு வரவேண்டும். தலை குனிந்து வாத்தியத்தைத் தேடிப் போகக்கூடாது. இடது கை மேலே, வலது கை கீழே. வலது பெருவிரல் வாத்தியத்தைத் தூக்குவதில்லை, முன்னால் தள்ளிப் பிடிக்கிறது, பாரம் பட்டியில்.

முதல் மூன்று சுரம் பி, ஏ, ஜி. இடது கையின் ஆட்காட்டி விரல் பி, அதோடு நடுவிரல் சேர்ந்தால் ஏ, மோதிர விரலும் சேர்ந்தால் ஜி. இந்த மூன்றையும் வைத்து ஒரு கிழமை முழுக்க விளையாடலாம். நான் பாட்டுக் கொடுப்பதில்லை, பிள்ளையையே நான்கு அடி கட்டச் சொல்வேன். மீன் விற்கிற ஐயாவின் ஹோர்ன் சத்தத்தை ஜி, பி, ஜி என்று ஊதிக்கொண்டு வந்த பிள்ளையை என்னால் மறக்கமுடியாது, அவர் வீதியில் நின்று மேலே பார்த்தார்.

அப்புறம் சி, நடுவிரல் மட்டும். பி-யிலிருந்து சி-க்குப் போகும்போது ஒரு விரல் எழும்ப மற்றது அமரவேண்டும், நேரம் தவறினால் இடையில் விக்கல் சத்தம் கேட்கும். மெதுவாக, திரும்பத் திரும்ப, வேறு வழி இல்லை.

வலது கை சேர்ந்து எஃப், ஈ, டி என்று இறங்கும்போதுதான் பிரச்சினை தொடங்கும். டி வராவிட்டால் "பலமாக ஊது" என்று சொல்லாதீர்கள். இடது உள்ளங்கை மேலே இருக்கும் கீகளில் பட்டு அவற்றைத் திறக்கிறதா என்று முதலில் பாருங்கள், பத்தில் ஏழு தரம் அதுதான். பிறகு வலது கையின் பக்கம் பக்கக் கீகளைத் தொடுகிறதா, மோதிர விரல் உண்மையில் அமர்ந்திருக்கிறதா, அதுவும் சரி என்றால் கடிக்கிறதா. எல்லாம் சரியாக இருந்தும் வராவிட்டால் விளக்கு மாலையை எடுங்கள். அதற்கும் கீழே இருக்கும் சி-க்கு வலது சின்னவிரல், பி-யும் பி ஃபிளாட்டும் மூன்று மாதம் பொறுக்கலாம்.

ஆக்டேவ் கீ இடது பெருவிரலில். விரலைத் தூக்கிப் போடாமல் சும்மா மேல்நோக்கி உருட்டவேண்டும். இங்கே உங்களுக்கு ஒரு சோதனை இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்தது: பிள்ளை ஜி-யை நீளமாக ஊதிக்கொண்டிருக்கும்போது நீங்கள் கையை நீட்டி ஆக்டேவ் கீயை அமர்த்தி விடுங்கள். வாய் சரியாக இருந்தால் சத்தம் துள்ளி மேலே போய், விட்டதும் தானாகக் கீழே இறங்கும். மேலேயே சிக்கிக்கொண்டால் கடிக்கிறது, மவுத்பீஸுக்குத் திரும்பிப் போங்கள்.

சி-யிலிருந்து நடு டி-க்குத் தாண்டுவது எல்லோருக்கும் பள்ளம். ஒரு விரலிலிருந்து ஒரேயடியாக ஆறு விரலும் பெருவிரலும். வலது கை மூன்று விரலையும் முன்கூட்டியே அமர்த்தியபடி சி ஊதச் சொல்லுங்கள், சுருதி மிகக் கொஞ்சம் மாறுமே தவிர சி வரும், தாண்டுகிற வேலை பாதியாகும்.

வீட்டில் எவ்வளவு

தினமும் பதினைந்து, இருபது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலம் என்பது ஏமாற்று வேலை, உதட்டுத் தசை அப்படிப் பலப்படாது. பாதி நேரம் நீளச் சத்தம், மீதிதான் விரல். ஆனால் நடைமுறை என்னவென்றால் பள்ளிக்கூடம் விட்டு, ரியூஷன் முடிந்து பிள்ளை வீட்டுக்கு வர இருட்டிவிடும், பக்கத்து வீட்டில் ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும். சாக்ஸின் கீழே அகன்ற வாய்க்குள் துணி அடைத்தால் சத்தம் பெரிதாகக் குறையாது, சத்தம் வழி நெடுக உள்ள துளைகளாலும் வெளியே வருகிறது. உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்து அதற்குள் பார்த்து ஊதினால் கொஞ்சம் அடங்கும். டச் பே கடற்கரையில் போய் ஊதட்டுமா என்பார்கள், படத்துக்கு அழகுதான், மணலும் உப்பும் கீகளுக்குள் போனால் அழுகை. கோட்டைப் பக்கத்து மான்கள் மட்டும் எந்தப் பிழையான சுரத்துக்கும் ஓடுவதில்லை, அவ்வளவு பழகிவிட்டன இந்த ஊர்ச் சத்தத்துக்கு.

கீபோர்ட்காரரோடு சேரும்போது

பிள்ளை சி ஊதுகிறது, கீபோர்ட்காரர் சி அமர்த்துகிறார், இரண்டும் சண்டை பிடிக்கின்றன. இதற்கு யாரும் காரணம் சொல்லாமல் விடுவதால் பிள்ளை தன் காதில்தான் பிழை என்று நினைக்கும். ஆல்டோ ஈ ஃபிளாட் வாத்தியம், அதில் சி விரல் வைத்தால் வெளியே கேட்பது ஈ ஃபிளாட். ஆகவே கீபோர்ட்டின் சுரத்திலிருந்து மூன்று அரைச்சுரம் கீழே எண்ணி விரல் வைக்கவேண்டும்: அவருடைய சி உங்கள் ஏ, அவருடைய எஃப் உங்கள் டி, ஜி என்றால் ஈ. டெனர் பி ஃபிளாட் வாத்தியம், இரண்டு அரைச்சுரம் மேலே: சி என்றால் டி.

புதுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கை மேடையில் போட வைக்காதீர்கள். பாட்டை பி ஃபிளாட்டிலோ ஈ ஃபிளாட்டிலோ வைக்க முடியுமா என்று கீபோர்ட்காரரைக் கேளுங்கள், ஆல்டோவுக்கு அவை முறையே ஜி-யும் சி-யும், விரலுக்குச் சுகம். ட்ரான்ஸ்போஸ் பட்டன் அவரிடம் இருக்கிறது, ஆனால் பாடுகிறவரின் குரலுக்கும் அது ஒத்துவரவேண்டும். சுருதி ஏறியிருந்தால் மவுத்பீஸைக் கொஞ்சம் வெளியே இழுக்கவும், இறங்கியிருந்தால் உள்ளே தள்ளவும். சித்திரை வெயிலில் வாத்தியம் சூடாகிச் சுருதி ஏறும், வழக்கமான இடத்தை நெக்கின் நுனியில் உள்ள கார்க்கில் பென்சிலால் அடையாளம் போட்டு அங்கிருந்து பாருங்கள்.

கர்நாடக சங்கீதம் பாடத் தெரிந்த பிள்ளைகள் கத்ரி கோபால்நாத்தைக் கேட்டுவிட்டு வந்து கமகம் கேட்பார்கள். 2019இல் காலமான அவர் நாதஸ்வரக் குடும்பத்துப் பிள்ளை, சங்கீதம் உள்ளே ஊறியபின்தான் சாக்ஸை அதற்கு வளைத்தார். சுரத்தை வளைப்பது தாடையும் தொண்டையும் செய்கிற வேலை, சுரம் நேரே நிற்காத பிள்ளைக்கு வளைக்கக் கற்றுக்கொடுத்தால் தள்ளாட்டம்தான் மிஞ்சும். ஒரு வருடம் போகட்டும். அதுவரை நன்றாகக் கேட்கட்டும்.

உப்புக் காற்று

எங்கள் ஊரில் மூன்று பக்கமும் கடல். ஊதி முடிந்ததும் துணி விட்டு ஈரம் எடுத்து, மெல்லிய பருத்தித் துணியால் வெளியே கைவியர்வை துடைத்து, பெட்டியில் வைக்கவேண்டும், கதிரையில் சாத்தி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகக்கூடாது. ரீட்டை மவுத்பீஸிலேயே விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். கார்க்குக்குக் கார்க் கிரீஸ்தான், தேங்காய் எண்ணெய் பூசிய பிள்ளை ஒன்று வந்தது, பெட்டியெல்லாம் எறும்பு.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ரீட் காய்ந்து நுனி அலை அலையாக நெளியும், இரண்டு நிமிடம் தண்ணீரில் போட்டால் படியும். வாடை தொடங்கி மழை பிடித்ததும் எதிர்ப்பிரச்சினை: பேட்டெல்லாம் பிசுபிசுத்து, முக்கியமாக ஜி ஷார்ப் கீ ஒட்டிக்கொண்டு திறக்காது. பேட்டுக்கும் துளைக்கும் இடையில் சுத்தமான மெல்லிய தாளை வைத்து, கீயை மெதுவாக மூடி, பிறகு திறந்துவிட்டுத் தாளை எடுங்கள். மூடியபடி இழுத்தால் பேட்டின் தோல் கிழியும். அந்த மாதங்களில் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே சீமெந்துத் தரையில் வைக்கவேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், பிள்ளையிடம் சொன்னால் அது அங்கேயேதான் கிடக்கும்.